முருங்கையில் கம்பளிப்பூச்சி: மரத்தை வெட்டத்தான் வேண்டுமா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு முருங்கை மரம். மழை பெய்து சில வாரங்களில் அடிமரம் பூராவும் கம்பளிப்பூச்சி அப்பிவிட்டது. பிள்ளைக்குக் கையெல்லாம் தடிப்பு. தீப்பந்தம் காட்டுவதா, மருந்து அடிப்பதா, மரத்தையே வெட்டிவிடுவதா?

பதில்: வெட்டிவிடாதீர்கள். முதலில் பிள்ளையைப் பாருங்கள். தடித்த இடத்தைத் தேய்க்கக் கூடாது. தேய்த்தால் தோலில் குத்தியிருக்கும் புழுவின் முடி இன்னும் ஆழமாக இறங்கும். செலோடேப்பை ஒட்டி ஒட்டி எடுத்து, அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவி, காலமைன் தடவுங்கள். போட்டிருந்த துணியையும் துவைத்துவிடுங்கள். மூச்சு இரைத்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். முடி கண்ணில் பட்டிருந்தால் கசக்க விடாமல் எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

சரி, மரத்துக்கு வருவோம். இந்தப் புழு இரவில் மேலே ஏறி இலையைத் தின்னும். விடிந்தால் அடிமரத்துக்கு இறங்கி, கூட்டமாக ஒட்டிக்கொண்டு பகலெல்லாம் அசையாமல் கிடக்கும். எல்லாம் கைக்கெட்டும் உயரத்தில் ஒரே இடத்தில் இருக்கும்போது இலைக்கு ஏன் மருந்து அடிக்க வேண்டும்? நாளைக்குப் பொரியல் செய்யப் போகிற கீரை அது.

லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் மீன் எண்ணெய் ரோசின் சோப்பை (செடிப் பூச்சிகளுக்குத் தெளிக்கும் சோப்பு) கரைத்து, பகலில் அந்தக் கூட்டத்தின் மேல் நன்றாக நனையும்படி தெளியுங்கள். புழு மூச்சு விடுவது உடம்பின் இரு பக்கமும் உள்ள சிறு துளைகளால்தான். சோப்பு நீர் அவற்றை அடைத்துவிடும். நனைந்த முடியும் பறக்காது. முழுக்கைச் சட்டை, கையுறை, கண்ணாடி போட்டுக்கொண்டு வழித்தெடுத்துப் புதையுங்கள். அடிமரத்தில் ஒட்டியிருக்கும் உரிந்த தோலையும் விடாதீர்கள், அதுவும் அரிக்கும். காய்ந்த துடைப்பத்தால் அடிக்கவே அடிக்காதீர்கள், முடி பறக்கும்.

தீப்பந்தம் தோப்புக்காரர்கள் காலங்காலமாகச் செய்வது, பலனும் உண்டு. ஆனால் சுவரோடு சுவர் ஒட்டிய சந்தில், தலைக்கு மேல் வயர் தொங்கும் இடத்தில் வேண்டவே வேண்டாம்.

தப்பிய புழுக்கள் வளர்ந்ததும் மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகும். அதனால் மரத்தடி மண்ணைக் கிளறிவிடுங்கள். கோழி இருந்தால் கொத்திக்கொள்ளும். அடுத்த மழைக்குப் பின் மஞ்சள் கலந்த பழுப்பு நிறத்தில் பெரிய அந்துப்பூச்சி வாசல் விளக்கைச் சுற்றினால், மறுநாளே இலைகளையும் இளந்தண்டையும் பாருங்கள். முட்டைகள் கொத்தாக இருக்கும். அந்த ஈர்க்கை மட்டும் கிள்ளிச் சோப்புத் தண்ணீரில் போட்டுவிடுங்கள்.