அப்பா பெயரில் வீட்டு வரி பாக்கி: கவுன்சிலர் தேர்தலில் நிற்கலாமா?

கேள்வி: எனக்கு 29 வயது. எங்கள் நகராட்சியில் 7-வது வார்டில் குடியிருக்கிறோம், ஓட்டும் அங்கேதான். பக்கத்து 12-வது வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. அடுத்த தேர்தலில் அங்கே சுயேச்சையாக நிற்க ஆசை. படிப்பு பிளஸ் டூ. வீடு, இறந்துபோன அப்பா பெயரில் இருக்கிறது. மூன்று வருடமாக வீட்டு வரி கட்டவில்லை. "மனு தள்ளுபடி ஆகாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று தெரிந்தவர் ஒருவர் 25,000 ரூபாய் கேட்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: தாராளமாக நில்லுங்கள். அந்த 25,000 ரூபாயை மட்டும் கொடுக்காதீர்கள்.

முதலில் எளிதானவற்றை முடித்துவிடுகிறேன். தமிழ்நாட்டில் உள்ளாட்சித் தேர்தலுக்கு 21 வயது நிரம்பியிருந்தால் போதும். சட்டமன்றத்துக்கு 25 என்பதால் பலர் இங்கும் அதையே நினைத்துக்கொள்கிறார்கள். படிப்புத் தகுதி எதுவும் கிடையாது. ஹரியானாவில் பஞ்சாயத்துத் தேர்தலுக்குப் படிப்பு கேட்டார்கள், சில மாநிலங்களில் இரண்டு குழந்தைகளுக்கு மேல் இருந்தால் நிற்க முடியாது என்றார்கள். அதையெல்லாம் வாட்ஸ்அப்பில் படித்துவிட்டு இங்கே பயப்பட வேண்டாம்.

அடுத்து வார்டு. வேட்பாளரின் பெயர் அந்த நகராட்சியின் வாக்காளர் பட்டியலில் ஏதாவது ஒரு வார்டில் இருந்தால் சரி. ஆகவே 7-ல் ஓட்டு வைத்துக்கொண்டு 12-ல் நிற்கலாம். ஆனால் உங்களை முன்மொழிபவர் 12-வது வார்டு வாக்காளராகத்தான் இருக்க வேண்டும். இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். பாசத்தில் அண்ணனையோ மாமாவையோ கையெழுத்துப் போட வைப்பார்கள். அவருக்கு ஓட்டு 7-ல் இருக்கும். மனு அங்கேயே முடிந்தது. முன்மொழிபவரின் பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும் அவர் வாயால் சொல்வதைக் கேட்டு எழுதாதீர்கள். பட்டியலைப் பிரித்து வைத்துக்கொண்டு நீங்களே பார்த்து எழுதுங்கள். போன தேர்தலில் போட்ட ஓட்டை வைத்துச் சொல்வார்கள். நடுவில் வீடு மாறியிருப்பார்கள், வார்டு எல்லை மாறியிருக்கும்.

இனி வரி. நகராட்சிக்குப் பாக்கி வைத்திருப்பவர் நிற்க முடியாது என்பது உண்மை. ஆனால் சட்டம் பார்ப்பது வேட்பாளர் தர வேண்டிய பாக்கியை. அதுவும் பில்லோ நோட்டீஸோ முறைப்படி கொடுத்து, அதில் சொன்ன கெடுவும் தாண்டியிருக்க வேண்டும். உங்கள் விஷயத்தில் வரி விதிப்பு அப்பா பெயரில், அவரும் இல்லை. அப்படியானால் இது உங்கள் பாக்கியா? வாரிசு என்ற முறையில் வீட்டில் உங்களுக்கும் பங்கு உண்டு, அங்கேயே குடியிருக்கிறீர்கள். அதனால் 'உங்களுடையதுதான்' என்று எதிராளியின் வக்கீல் வாதாடலாம். 'என் பெயருக்கு நோட்டீஸே வரவில்லை' என்று நீங்களும் வாதாடலாம். உங்கள் வாதம் வலுவானதாகக்கூட இருக்கலாம். ஆனால் பரிசீலனை மேசையில் ஒவ்வொரு மனுவுக்கும் கிடைப்பது சில நிமிடங்கள். எதிரே இருப்பவர் தேர்தல் பணிக்காக உட்கார வைக்கப்பட்ட ஓர் அதிகாரி, நீதிபதி அல்ல. சொத்துரிமைச் சட்டத்தை அங்கே விளக்கிக்கொண்டிருக்க முடியாது. கட்டிவிடுங்கள், அவ்வளவுதான்.

கட்டும்போது வீட்டு வரியோடு நிறுத்திவிடாதீர்கள். குடிநீர்க் கட்டணம், பாதாளச் சாக்கடைக் கட்டணம், குப்பைக் கட்டணம், உங்களுக்குக் கடை இருந்தால் தொழில் வரி, நகராட்சிக் கடை என்றால் வாடகை என எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கணக்கு ஓடும். வரிவிதிப்பு எண்ணைக் கொடுத்து இணையத்திலேயே வீட்டு வரியைக் கட்டலாம். ரசீதில் அரையாண்டு சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்று கணக்கு. நடுவில் ஒரு அரையாண்டு விட்டுப்போயிருந்தால் கண்ணில் படாது. அப்புறம் பாக்கி இல்லை என்ற சான்றை நேரில் போய் எழுதி வாங்குங்கள்.

ஒரு ஆதங்கம். யார் எவ்வளவு பாக்கி என்பது நகராட்சியின் கணினியிலேயே இருக்கிறது. அதைத் தேர்தல் அதிகாரியே ஒரு நிமிடத்தில் பார்த்துக்கொள்ளலாம். ஆனாலும் வேட்பாளர்தான் அதே கட்டடத்தில் ஒரு ஜன்னலில் சான்று வாங்கி அடுத்த ஜன்னலில் கொடுக்க வேண்டும். இந்த இரண்டு ஜன்னல்களுக்கு நடுவில்தான் உங்கள் 25,000 ரூபாய் ஆசாமி பிழைப்பு நடத்துகிறார். சான்றுக்குத் தனி 'செலவு' கிடையாது. மனு தள்ளுபடி ஆகாது என்று உத்தரவாதம் தர உலகத்தில் யாராலும் முடியாது. கேட்ட சின்னத்தை வாங்கித் தருகிறேன் என்பதும் அதே ரகம்தான். ஒரே சின்னத்தை இரண்டு பேர் கேட்டால் குலுக்கல்.

'12-வது வார்டு இந்த முறையும் பெண்களுக்குத்தான், உள்ளே விசாரித்துவிட்டேன்' என்றும் அவர் சொல்லியிருப்பார். வார்டு எல்லை மறுவரையறையும் இட ஒதுக்கீடும் அரசிதழில் வந்தால்தான் உறுதி. அதுவரை ஒரே வார்டை நம்பிப் பேனர் அடிக்காதீர்கள். பெண்கள் (பொது) வார்டா, ஆதிதிராவிடர் பெண்கள் வார்டா என்பதையும் அங்கேயே பாருங்கள். இரண்டாவது என்றால் சாதிச் சான்று இல்லாமல் மனு நிற்காது.

மனுவோடு தரும் உறுதிமொழிப் பத்திரத்தில் வழக்கு, சொத்து, கடன் எல்லாம் கேட்பார்கள். எதையும் காலியாக விடாதீர்கள், கோடும் போடாதீர்கள். 'இல்லை' என்று எழுதுங்கள். நகராட்சி வார்டுக்கு 2022-ல் வைப்புத்தொகை 2,000 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 1,000.

இவ்வளவு முன்கூட்டியே சொல்வதற்குக் காரணம் கால அட்டவணைதான். 2022-ல் ஜனவரி 26 அன்று தேர்தலை அறிவித்தார்கள். 28 அன்று மனு தாக்கல் தொடங்கிவிட்டது. பிப்ரவரி 4 கடைசி நாள், 5 பரிசீலனை, 7 வாபஸ், 19 வாக்குப்பதிவு. 2011-க்குப் பிறகு நகர்ப்புறத் தேர்தல் நடக்கவே பத்து வருடத்துக்கு மேல் ஆனது. 2016-ல் நடக்க வேண்டியது நீதிமன்றத்தில் ரத்தாகி, ஐந்து வருடத்துக்கு மேல் கவுன்சிலர்கள் இல்லாமல் தனி அதிகாரிகள் ஆண்டார்கள். அத்தனை வருடம் தூங்கிவிட்டு, வேட்பாளருக்குக் கொடுத்தது ஒரே வாரம். அந்த வாரத்தில் பாக்கியைத் தேடிப்பிடித்துக் கட்டிச் சான்று வாங்குவது நடக்காத காரியம்.

மனு தள்ளுபடியானால் உடனே கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கலாம் என்பார்கள். அரசியலமைப்பின் 243இசட்ஜி பிரிவு அந்தக் கதவை ஏறக்குறைய மூடி வைத்திருக்கிறது. தேர்தல் எல்லாம் முடிந்தபின் தேர்தல் மனு, அதாவது முடிவை எதிர்த்து வழக்கு, போட்டுத்தான் நியாயம் கேட்க வேண்டும். தீர்ப்பு வருவதற்குள் பதவிக் காலமே முடிந்துவிடலாம்.

கடைசியாக, உங்கள் கடிதத்தில் கேட்காத ஒன்று. தோற்றாலும், உங்களுக்கு விழுந்தது உங்கள் ஓட்டு மட்டும்தான் என்றாலும், முடிவு வந்த 30 நாளுக்குள் செலவுக் கணக்கைக் கொடுத்தே ஆக வேண்டும். கொடுக்காதவர்களை மூன்று ஆண்டுக்கு எந்த உள்ளாட்சித் தேர்தலிலும் நிற்க முடியாமல் ஆக்குகிறார்கள். 2022-ல் செலவு வரம்பு முதல்நிலை, இரண்டாம் நிலை நகராட்சிகளுக்கு 34,000 ரூபாய். தேர்வுநிலை, சிறப்புநிலை என்றால் 85,000. உங்கள் நகராட்சி எந்த நிலை என்று அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மனு தாக்கல் செய்யும் நாளிலிருந்தே ஒரு நோட்டில் நோட்டீஸ் அச்சடித்த செலவு, ஆட்டோ வாடகை, ஒலிபெருக்கி, டீ என்று எழுதி, பில்லை அந்தந்தப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டே வாருங்கள். கணக்கைக் கொடுத்ததும் தேதியும் முத்திரையும் போட்ட ஒப்புகைச் சீட்டு கையில் வராமல் அலுவலகத்தை விட்டு நகராதீர்கள்.