எஸ்ஸுக்கு முன்னால் அந்தக் குறி வேண்டுமா?

கேள்வி: லண்டன் பாதாள ரயில் வரைபடத்தில் ‘ஏர்ல்'ஸ் கோர்ட்’ நிலையத்துக்கு அப்பாஸ்ட்ரஃபி (‘இன்னாருடைய’ என்று காட்ட எஸ்ஸோடு போடும் ' குறி) இருக்கிறது. பிக்கடில்லி பாதையில் அதற்கு அடுத்த ‘பேரன்ஸ் கோர்ட்’டுக்கு இல்லையே, அச்சுப் பிழையா? (வாசகர், திருச்சி)

இல்லை, இரண்டுமே சரியான பெயர்தான். ஊர்ப்பெயரிலும் கடைப்பெயரிலும் இலக்கணம் பேசிப் பிரயோஜனமில்லை, சொந்தக்காரர்கள் எப்படி எழுதுகிறார்களோ அப்படியே எழுதிவிட்டுப் போக வேண்டியதுதான். மெக்டொனால்ட்'ஸுக்குக் குறி உண்டு, ஹாரட்ஸுக்குக் கிடையாது. வாட்டர்ஸ்டோன்ஸ் புத்தகக் கடை 2012-ல் தன் பெயரிலிருந்து அதை எடுத்தேவிட்டது. இணைய முகவரி, மின்னஞ்சல் காலத்துக்கு இதுதான் வசதி என்றார்கள். அமெரிக்க அரசின் இடப்பெயர் வாரியமோ வரைபடத்தில் இந்தக் குறியே வேண்டாம் என்கிற கட்சி. மார்த்தா'ஸ் வின்யார்ட் தீவு மாதிரி விரல்விட்டு எண்ணக்கூடிய சில பெயர்களுக்குத்தான் விலக்கு, அந்தத் தீவுக்கு அது கிடைத்ததே 1933-ல்தான்.

கேள்வி: ‘இட்ஸ்’ என்பதற்கு எப்போது குறி போடுவது? ஒவ்வொரு முறையும் குழம்புகிறது. (வாசகி, மதுரை)

‘இட் இஸ்’ அல்லது ‘இட் ஹேஸ்’ என்று விரித்துப் படித்துப் பாருங்கள். பொருள் வந்தால் குறி போடுங்கள், வராவிட்டால் வேண்டாம், அவ்வளவுதான். ‘ஹிஸ்’, ‘ஹெர்ஸ்’, ‘யுவர்ஸ்’ எதற்கும் இல்லாதது ‘அதனுடைய’ என்ற பொருளில் வரும் ‘இட்ஸ்’ஸுக்கு மட்டும் எதற்கு? ஆனால் உங்கள் குழப்பத்தில் நியாயம் இருக்கிறது, ஏனென்றால் 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் ‘அதனுடைய’ என்ற பொருளுக்கே ஆங்கிலேயர்கள் குறி போட்டுத்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள், அப்புறம்தான் விட்டார்கள்.

கேள்வி: எங்கள் தெருவில் ‘பாய்'ஸ் ஹாஸ்டல்’ என்று போர்டு வைத்திருக்கிறார்கள். சரியா? (வாசகர், கோவை)

ஒரே ஒரு பையன் தங்கியிருந்தால் சரி! பல பேர் என்றால் எஸ்ஸுக்குப் பின்னால் குறி வர வேண்டும். முதலில் ஆட்கள் எத்தனை பேர் என்று பாருங்கள், அந்தச் சொல்லை முழுசாக எழுதுங்கள், குறியை அதற்குப் பிறகு வையுங்கள். ‘சில்ட்ரன்’ ஏற்கெனவே பன்மை, அதனால் அங்கே குறி என்னுக்கும் எஸ்ஸுக்கும் நடுவில். உடைமையே இல்லாத இடத்தில், அதாவது ‘தோசாஸ்’, ‘சிடிஸ்’, ‘1980ஸ்’ மாதிரி வெறும் பன்மைக்குக் குறியே வேண்டாம். பிரிட்டனிலும் காய்கறிக் கடைப் பலகைகளில் இந்தத் தப்பு சகஜம், அதற்குக் ‘காய்கறிக்காரர் அப்பாஸ்ட்ரஃபி’ என்றே கேலிப்பெயர் வைத்திருக்கிறார்கள். ஹாஸ்டல்காரரிடம் போய்ச் சண்டை போடாதீர்கள், புது போர்டு எழுதும்போது சொன்னால் போதும்.