அவள் இல்லாத வீட்டுக்கு நேரம் கொடுங்கள்
வணக்கம். மனைவியை இழந்தவர் கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குத் திரும்பி வரும் 20 நிமிடக் குறும்படம். பார்த்தவர்கள் எல்லாரும் 'அழகான காதல் படம்' என்று மட்டும் சொல்கிறார்கள், அவளை இழந்த வலி ஏன் அவர்களைத் தொடவில்லை என்று கேட்டிருந்தீர்கள்.

கோளாறு நடிப்பில் இல்லை, எடிட்டிங்கில். நீங்கள் சொன்ன கணக்குப்படி ஃப்ளாஷ்பேக் மட்டுமே 11 நிமிடம். பார்ப்பவருக்கு அவள் உயிரோடுதான் இருக்கிறாள். பிறகு எங்கே இழப்பது? 3 நிமிடத்துக்குள் கொண்டுவாருங்கள். பாட்டை எடுத்துவிட்டு ஒவ்வொரு ஃப்ளாஷ்பேக்கையும் பாதியில் வெட்டுங்கள். அவள் திரும்பிப் பார்க்கப்போகிறாள், கட். முகம் வரக்கூடாது.

மிச்ச நேரத்தை வீட்டுக்குக் கொடுங்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய மறுநாள் காலை. பழக்கத்தில் இரண்டு டம்ளர் காபி ஆற்றுகிறார். இரண்டாவதை என்ன செய்வதென்று தெரியாமல், அதில் ஆடை படியும்வரை நிற்கிறார். 40 நொடி, ஒரே ஷாட், இசை வேண்டாம். அவர் அழுதுவிட்டால் பார்ப்பவர் அழமாட்டார். அதே அறையில் யாரும் அசையாமல் 1 நிமிடம் வெறும் சத்தத்தைப் பதிவு செய்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் வெட்டிய இடமெல்லாம் ஒலி துண்டுதுண்டாகக் கேட்கும்.

கடைசிக் காட்சியில் 'கடலில் சூரியன் மறைகிறது' என்று எழுதியிருக்கிறீர்கள். நம்ம பக்கம் கடலில் உதிக்கத்தான் செய்யும், ஊர்க்காரர்கள் சிரித்துவிடுவார்கள்! விடியலுக்கு மாற்றுங்கள். நல்ல வெளிச்சம் சுமார் 20 நிமிடம்தான், முந்தின நாளே கேமரா வைக்கும் இடத்தைக் குறித்துவையுங்கள். மைக்குக்கு ரோம உறை கட்டாயம். காற்றிரைச்சல் ஏறிவிட்டால் டப்பிங்தான் வழி, அதில் அவர் குரலின் தளர்ச்சி திரும்ப வராது.