ஹுவான் எப்படி வாரிசானார்?

வணக்கம். ஸ்பெயின் மன்னர் பதின்மூன்றாம் அல்போன்சோவுக்கு மூத்த மகன்கள் இருவர் இருக்க, வாரிசுரிமை அவர்களின் தம்பி ஹுவானுக்குப் போனது எப்படி, குடும்ப மரம் இடிக்கிறதே என்று கேட்டிருந்தீர்கள். மரம் சரிதான்.

மூத்தவருக்கும் அல்போன்சோ என்றே பெயர். தாய்வழியில், விக்டோரியா மகாராணி வம்சத்திலிருந்து வந்த ஹீமோபிலியா அவருக்கு. லேசாக அடிபட்டாலும் ரத்தம் எளிதில் நிற்காது. ஆனால் 1933 ஜூனில் அவர் உரிமையை எழுதிக்கொடுத்தது அரச குலம் சாராத கியூபாப் பெண் எடெல்மிராவைக் கட்டிக்கொள்ளத்தான். (1931லேயே குடியரசு வந்துவிட்டது, இல்லாத சிம்மாசனத்துக்குத்தான் இத்தனை கெடுபிடி!)

அடுத்தவர் ஹைமே, சிறுவயதிலேயே செவித்திறன் இழந்தவர். அதே மாதம் அவரும் விலகினார். பின்னாளில் அது செல்லாது என்று மல்லுக்கட்டினார். சில தளங்களில் அவர் கிளை தனியாக நிற்பது அதனால்தான். இருவர் பெயருக்கும் பக்கத்தில் ‘1933, துறந்தார்’ என்று போட்டுவிடுங்கள், போதும்.