பேர் சின்னது, பின்னால் எதைச் சேர்ப்பது?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மகனுக்கு ‘மதி’ என்று பெயர் வைத்திருக்கிறோம். இரண்டே எழுத்தாக இருக்கிறதே, பின்னால் இன்னொன்று சேருங்கள் என்கிறார்கள் வீட்டுப் பெரியவர்கள். அமுதன், இனியன், வேந்தன் மூன்றும் பிடித்திருக்கிறது. அப்பா பெயர் சுரேஷ். எது பொருந்தும்?
– வாசகி, தென்காசி

பதில்: அந்த மூன்றுக்கும் முன்னால் இனிஷியலைப் பாருங்கள். தமிழில் எழுதினால் ‘சு. மதி’. புள்ளியைக் கவனிக்காத ஆசிரியர் வாயில் அது ‘சுமதி’. பையன் பத்தாம் வகுப்பு முடிக்கும்வரை அந்தப் பேர் அவனை விடாது. அப்பா கோபாலாக இருந்திருந்தால் கோமதி. (நீதி என்று பெயர் வைத்து, அப்பா அரவிந்தனாக அமைந்துவிட்டால் கதை இன்னும் மோசம்.) பள்ளி, கல்லூரி, அரசு அலுவலகங்களில் முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று 2021 டிசம்பரில் தமிழக அரசு ஆணையிட்டது. ஆகவே ஆங்கில ‘எஸ்’ போட்டுத் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள்.

இனி அந்த மூன்று பெயர்கள். ‘மதி’ இகரத்தில் முடிகிறது, ‘இனியன்’ இகரத்தில் தொடங்குகிறது. வேகமாகக் கூப்பிட்டால் ஓர் ‘இ’ விழுங்கப்பட்டு ‘மதினியன்’ ஆகிவிடும். ‘அமுதன்’ சேர்த்தால் இலக்கணப்படி நடுவே யகரம் வந்து ‘மதியமுதன்’. காதுக்கு இனிமைதான், ஆனால் கேட்பவர் ‘மதிய முதன்’ என்று பிரித்துக்கொண்டு, மதியச் சாப்பாட்டு நேரத்துக்குப் போய்விடுவார். ‘வேந்தன்’ வல்லினமும் இல்லை, உயிரும் இல்லை. வகரத்தில் தொடங்குவதால் எதுவும் மிகாமல், எதுவும் கெடாமல் அப்படியே ஒட்டும்: மதிவேந்தன். என் ஓட்டு இதற்கு.

ஆனால் ‘சு. மதிவேந்தன்’ என்று எழுதினாலும் சுமதி ஒளிந்துதான் இருக்கிறாள். இதற்கு இரண்டு வழி. ஒன்று, அப்பா பெயரை முன்னெழுத்தாகச் சுருக்காமல் பின்னால் முழுதாக எழுதுவது: மதிவேந்தன் சுரேஷ். இன்னொன்று, அம்மாவின் முன்னெழுத்தையும் சேர்ப்பது. அம்மா கவிதா என்றால் ‘சு.க. மதிவேந்தன்’. அம்மாவை முதலில் போட்டு ‘க.சு.’ என்று எழுதினால் பழையபடி ‘சு’வும் ‘மதி’யும் பக்கத்தில் வந்துவிடும், வரிசையை மாற்றிவிடாதீர்கள். ‘இளமதி’ போல முன்னால் ஒரு சொல்லைச் சேர்க்கலாமே என்றும் சிலர் சொல்வார்கள். இளமதி, வான்மதி, வளர்மதி என்று மதி கடைசியில் வரும் பெயர்கள் பெரும்பாலும் பெண்களுக்கே வழங்குவதால் பையனுக்கு நான் சொல்ல மாட்டேன்.

ஒட்டி எழுதுவதா, இடைவெளி விடுவதா என்பதை இன்றே முடிவுசெய்யுங்கள். பிறப்புச் சான்றிதழில் ‘மதி வேந்தன்’, ஆதாரில் ‘மதிவேந்தன்’, பள்ளியில் வெறும் ‘மதி’ என்று மூன்று விதமாக ஏறிய பிள்ளைகளின் பெற்றோர்தான் பின்னாளில் ஒவ்வொரு கவுன்ட்டராக ஏறி இறங்குகிறார்கள். ஆங்கிலத்தில் மதியின் ‘தி’க்கு ‘டி-ஹெச்’ போடுவதா, வெறும் ‘டி’யா என்பதும் இதே கணக்குதான்.

கேள்வி: பெண் குழந்தை. கூப்பிட ‘நிலா’. மாமியார், தன் தாயார் பெயரான அலமேலுமங்கையைச் சேர்க்கச் சொல்கிறார். எனக்கு ‘ஆதிரை’ ஆசை.
– வாசகி, கும்பகோணம்

பதில்: ஆசைக்குக் குறுக்கே நிற்பது எழுத்து. ‘நிலா’வின் கடைசி ஆவும் ஆதிரையின் முதல் ஆவும் மோதி ‘நிலாதிரை’ என்றே காதில் விழும். முறைப்படி வகரம் சேர்த்து ‘நிலாவாதிரை’ என்று யாரும் கூப்பிடப் போவதில்லை. அலமேலுமங்கைக்கும் அதே சிக்கல், கூடவே நீளம். பாஸ்போர்ட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் இரண்டு வரி இருக்கிறதே, அதில் பெயருக்கு ஒதுக்கியது 39 இடம். நிலா அலமேலுமங்கை என்று ஆங்கிலத்தில் எழுத 17 எழுத்து, நடு இடைவெளி ஒன்று. அப்பா பெயர் வெங்கடசுப்பிரமணியன் என்றால் அதற்கு வழக்கமான எழுத்தில் 18. இரண்டையும் பிரிக்கும் குறிகள் 2. ஆக 38. இன்னும் இரண்டு எழுத்து கூடினால் வெட்டு விழும்.

கொள்ளுப்பாட்டியின் பெயரில் பின்பாதியை மட்டும் எடுங்களேன்: நிலா மங்கை. மகரம் மெல்லினம், ஆகாரத்துக்குப் பின் வழுக்கிக்கொண்டு வரும். ‘நிலா’ என்ற ஒற்றை அசைக்குப் பின்னால் ‘மங்கை’ என்ற ஈரசை நிற்பதால் பேர் தடுக்காமல் வந்து இறங்கும். சின்னப் பெயருக்குப் பின்னால் அதைவிட ஓர் அசையாவது கூடுதலான பெயரே நிற்கும். நிலா கலா, மதி ரதி போன்ற எதுகைகளை மட்டும் தொடாதீர்கள், பள்ளி மைதானத்தில் பாட்டுக் கட்டிவிடுவார்கள்.

கேள்வி: லண்டனில் இருக்கிறோம். மகளுக்கு ‘யாழ்’. நடுப்பெயர் ஒன்று வேண்டும். இங்குள்ளவர்கள் பெயரைச் சரியாகச் சொல்வார்களா?
– வாசகர், லண்டன்

பதில்: ‘இசட்-ஹெச்’ போட்டால் ழகரம் என்று தமிழர்களுக்குத்தான் தெரியும், ஆங்கிலேயர் அதை ஜகரம் போலப் படிப்பார்கள். இரண்டு ‘ஏ’யும் ‘எல்’லும் போட்டு ‘யால்’ என்று எழுதுவது உண்மைக்குக் கிட்டத்தில் வரும். எதை எழுதினாலும் வீட்டில் ‘யாழ்’ என்றே கூப்பிடுங்கள், நம்மிலேயே பாதிப் பேர் ‘யாள்’ என்பதைத் திருத்துவதே பெரிய வேலை.

மெய்யில் முடியும் ஓரசைப் பெயரைத் தூரத்திலிருந்து கூப்பிடுவது கடினம். இழுக்க உயிரெழுத்து இல்லாததால் வாய் தானாக ஓர் உகரம் சேர்த்து ‘யாழு’ என்றாக்கிவிடும். கயலும் முகிலும் இப்படித்தான் கயலு, முகிலு ஆகிறார்கள். எனவே நடுப்பெயர் உயிரில் தொடங்கட்டும். யாழ் ஓவியா என்றால் ‘யாழோவியா’ என்று இயல்பாகச் சேர்ந்து, நீட்டிக் கூப்பிடவும் இடம் தரும். லகரத்தில் தொடங்கும் பெயர் வேண்டாம். ‘யாழ் லயா’ என்று மூன்று முறை வேகமாகச் சொல்லிப் பாருங்கள், காரணம் நாக்குக்கே தெரியும்.

இங்கிலாந்தில் பிறப்பை 42 நாளுக்குள் பதிய வேண்டும். நடுப்பெயர் அதற்குள் முடிவாகாவிட்டால் பதிவைத் தள்ளாதீர்கள், பதிந்த 12 மாதத்துக்குள் பெயரைச் சேர்க்கவோ மாற்றவோ வழி உண்டு. குடும்பப்பெயருக்கு இந்தச் சலுகை கிடையாது, அப்பா பெயரைத்தான் அங்கே போடுகிறீர்கள் என்றால் அதை அன்றே உறுதிசெய்யுங்கள்.

கேள்வி: ஒற்றைப் பெயராகவே விட்டால் என்ன?
– வாசகர், மதுரை

பதில்: ஊருக்குள் ஒன்றும் ஆகாது. விமானம் ஏறும்போதுதான் தெரியும். இந்தியப் பாஸ்போர்ட்டில் முன்னெழுத்தை ஏற்க மாட்டார்கள், விரித்து எழுத வேண்டும். சர்நேம் கட்டத்தைக் காலியாக விட்டால் அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் சர்நேமுக்குத் தாவி, பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்-என்-யூ’ (முதற்பெயர் தெரியாது என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று மூன்றெழுத்து நிற்கும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைச் சொல் பெயருள்ள பாஸ்போர்ட்டில் சுற்றுலா விசாவுக்கு வருபவர்களைத் தடுத்தது, பிறகு உள்பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் சரி என்று தளர்த்தியது. இரண்டாவது சொல் ஒன்று இருந்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

கேள்வி: எண் கணிதப்படி ஆங்கிலத்தில் இன்னொரு ‘ஏ’ சேர்க்கச் சொல்கிறார்கள்.
– வாசகி, சேலம்

பதில்: சேர்ப்பதானால் முதல் சான்றிதழிலேயே சேருங்கள். ஐந்து வயதில் சேர்த்தால் அந்த ஒரு ‘ஏ’க்காக அரசிதழ் வரை போக வேண்டிவரும்.

கேள்வி: பெயர் முடிவாகவில்லை. பிறப்புச் சான்றிதழுக்கு என்ன செய்வது?
– வாசகர், கோவை

பதில்: பிறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிடுங்கள், பெயர்க் கட்டம் காலியாக இருக்கலாம். 12 மாதம்வரை கட்டணமின்றிப் பெயர் சேர்க்கலாம், அதற்குமேல் 15 ஆண்டுவரை தாமதக் கட்டணத்தோடு. பதிவு நடப்பது குழந்தை பிறந்த ஊரில். தாய்வீட்டில் பிரசவம் என்றால் அந்த ஊர்ப் பதிவாளரிடம்தான் போக வேண்டும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பாஸ்போர்ட்டில் பிறந்த தேதிக்கு இந்தச் சான்றிதழ் மட்டுமே ஆதாரம் என்பதால் அவசரமாக எதையாவது எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு தாளில் தமிழிலும் ஆங்கிலப் பெரிய எழுத்திலும் பெயரை எழுதி, இடைவெளி வரும் இடத்தில் ஒரு காலிக் கட்டம் வரைந்து, இருவரும் கையெழுத்திட்டுக் கொடுங்கள். அச்சிடுவதற்கு முன் கம்ப்யூட்டர் திரையை ஒருமுறை காட்டச் சொல்லுங்கள்.