மனித முடி என்றார்கள், வந்தது நைலான்

கேள்வி: நான் திருநங்கை. பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் குடியிருக்கிறேன். ராத்திரி நேரலையில் ஆடுவேன், பாடுவேன். வாடகை அதில்தான் ஓடுகிறது. விக், சலங்கை, கெம்பு நகை, செட்டு முண்டு என்று எல்லாம் பூட்டிக்கொண்டு உட்கார்ந்தால்தான் எனக்கே நான் தெரிகிறேன். ‘அசல் மனித முடி’ என்று போட்டிருந்த விக்கை ஆன்லைனில் 9,500 ரூபாய்க்கு வாங்கினேன். ஸ்ட்ரெய்ட்னர் வைத்ததும் உருகி ஒட்டிக்கொண்டது. ‘விக்கைத் திரும்ப எடுக்க மாட்டோம். தொழிலுக்கு வாங்கியதால் நீங்கள் நுகர்வோரே இல்லை’ என்கிறார் விற்றவர். பில்லில் பழைய பெயர் வேறு. பணம் கிடைக்குமா?

பதில்: உருகியதே உங்களுக்குச் சாட்சி. மனித முடி கருகுமே தவிர உருகாது. ஒதுக்குப்புறமாக வைத்து ரெண்டு இழையைத் தீயில் காட்டுங்கள். மயிர் பொசுங்கும் நாற்றத்தோடு, விரலில் நசுங்கும் சாம்பலானால் முடி. சுருண்டு கெட்டியான மணியாகி நின்றால் செயற்கை இழை. விக்கும் பில்லும் தெரியும்படி அதை வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.

‘நுகர்வோரே இல்லை’ என்பது சும்மா மிரட்டல். மறுவிற்பனைக்கும் வணிகத்துக்கும் வாங்குபவரை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஒதுக்குகிறது, உண்மைதான். ஆனால் சுயதொழில் செய்து பிழைக்க மட்டுமே ஒரு பொருளை வாங்கித் தானே பயன்படுத்துபவரை அது ஒதுக்கவில்லை. தையல்காரரின் மிஷினுக்கு உள்ள நியாயம் உங்கள் விக்குக்கும் உண்டு. விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020 மின்வணிக விதிகள் சொல்கின்றன. ‘திரும்ப எடுக்க மாட்டோம்’ என்று கடைக்காரர் எழுதி வைத்தால் விதி மாறிவிடாது.

முதலில் அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாக அவர் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள், தமிழிலேயே பேசலாம். அதற்கும் மசியவில்லையென்றால் பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. விற்றவர் கோயம்புத்தூரில் இருந்தாலும் டெல்லியில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு வருடம் அவகாசம் உண்டு, ஆனாலும் ஆறப்போடாதீர்கள்.

அடுத்த முறை விக் வாங்கும்போது, என்னைக் கேட்டால், நேரலைக்கு மனித முடி தேவையே இல்லை. போன் கேமராவுக்கு நல்ல செயற்கை இழையே போதும். சூடு தாங்கும் ரகமா என்று மட்டும் கேளுங்கள். மிச்சப் பணத்தை விக்கின் உள்தொப்பிக்குச் செலவிடுங்கள். பாலக்காட்டு வெயிலில் மணிக்கணக்காகத் தலையில் இருப்பது அதுதான். காற்றுப் போகும் வலைத்தொப்பியாக இருக்கட்டும். பசை ஒட்டுவதாக இருந்தால் முந்தின நாளே முழங்கை மடிப்பில் தடவிப் பாருங்கள்.

நகையில் பளபளப்பானதை வாங்காதீர்கள். ரிங் லைட்டில் கண்ணாடிக் கல் கூசும். மங்கல் பூச்சுக் கெம்புதான் முகத்தோடு நிற்கும். நாகர்கோவில் வடசேரிக் கோயில் நகைக்குப் புவிசார் குறியீடு உண்டு, விலையும் உண்டு. கேமராவுக்கு மட்டுமென்றால் கவரிங் போதும். செட்டு முண்டுக்குக் கைத்தறி நெசவு ஊரான குத்தாம்புள்ளி தூரமில்லை. கைத்தறி விலை கேட்டால் கைத்தறி முத்திரையைக் காட்டச் சொல்லுங்கள். சலங்கையில் மணி கூடினால் போன் மைக்கில் இரைச்சல்தான்.

பெயர் விஷயம்: புகாரில் பில்லில் உள்ள பெயரையும் இப்போதைய பெயரையும் சேர்த்தே எழுதி, திருநங்கை அடையாள அட்டை இருந்தால் நகலை இணையுங்கள். பொருள் தருவதிலும் சேவையிலும் உங்களைப் பாகுபடுத்துவதை 2019 திருநர் சட்டத்தின் 3-வது பிரிவு தடுக்கிறது. கஸ்டமர் கேரில் குரலை வைத்துக் கேலி செய்தால் போனை வைத்துவிட்டு மின்னஞ்சலிலேயே பேசுங்கள். ஆணையத்தில் காட்ட அது கையில் இருக்கும்.