பறிபோன நியமன இடத்துக்கு 2,500 ரூபாய் பதிவுக் கட்டணமா?

கேள்வி: பெரம்பூரில் நான்கு தலைமுறையாக வாழும் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் எங்களுடையது. சட்டப்பேரவையில் எங்களுக்கு இருந்த நியமன இடத்தைத் திரும்பப் பெறுவதற்கென்று, சங்கம் என்று சொல்லிக்கொண்டு சிலர் குடும்பத்துக்கு 2,500 ரூபாய் கேட்கிறார்கள். கட்டாவிட்டால் 'சமூகப் பட்டியலில்' பெயர் வராதாம். கட்டலாமா? இனி எங்களுக்காகப் பேச யார் இருக்கிறார்கள்?

பதில்: கட்டாதீர்கள். கட்டியிருந்தால் ரசீதோடு காவல் நிலையத்துக்குப் போங்கள்.

நீங்கள் அனுப்பிய மாதிரி ரசீதைப் பார்த்தேன். சங்கப் பதிவு எண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கைப்பேசி எண். உச்சியில் ஊதா மையில் அரசின் சிங்க முத்திரை. அந்த முத்திரையைத் தனியார் இப்படிப் போட்டுக்கொள்ள 2005ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தரவில்லை. இந்த ஒன்றே போதும் ஆளை எடைபோட.

தேர்தல் இல்லாமல் ஆளுநர் நியமித்துவந்த அந்த இடம் 1950இல் பத்தாண்டுக்கென்று தரப்பட்டு, பத்துப் பத்தாண்டாக நீண்டது. அரசியல் சட்டத்தின் 104ஆவது திருத்தத்தால் 2020 ஜனவரி 25 முதல் நீட்டிப்பு நின்றது. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 2030 வரை நீட்டித்தவர்கள் உங்களை மட்டும் கழற்றிவிட்டார்கள். 2011 கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 296 ஆங்கிலோ இந்தியர்களே இருந்தார்கள் என்று நாடாளுமன்றத்தில் அமைச்சர் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரம்பூர் லூர்து அன்னை ஆலய வாசலில் நின்று எண்ணிப் பார்க்க அவருடைய அதிகாரிகளில் ஒருவருக்கும் தோன்றவில்லை! இடம் திரும்ப வேண்டுமானால் நாடாளுமன்றம் மறுபடியும் சட்டம் திருத்த வேண்டும். தெருவில் வசூல் செய்து நடக்கிற காரியமல்ல அது.

இன்னொரு கூட்டம் 'ரயில்வே கோட்டா' விற்கிறது. ரயில்வேயில் உங்கள் சமூகத்துக்கு இருந்த வேலை முன்னுரிமை 1960இலேயே முடிந்துவிட்டது. உங்கள் தாத்தா பணிமனையில் சேர்ந்த கதையைச் சொல்லியே பேரனிடம் பணம் கறக்கிறார்கள்.

ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். இடம் போனாலும் ஆங்கிலோ இந்தியர் யார் என்று வரையறுக்கும் அரசியல் சட்டப் பிரிவு 366(2) போகவில்லை. ஐரோப்பிய வம்சாவளி உண்டா என்று அது தந்தை வழியில் மட்டுமே பார்க்கிறது. உங்கள் மகன் ஒரு தமிழ்ப் பெண்ணை மணந்தால் பேரப்பிள்ளைகள் ஆங்கிலோ இந்தியர். உங்கள் மகள் ஒரு தமிழ்ப் பையனை மணந்தால் அவளுடைய பிள்ளைகள் அந்த வரையறைக்குள் வர மாட்டார்கள். ஒரே வீடு, ஒரே பாட்டி, ஒரே ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு. ஆனாலும் சட்டம் இரண்டாகப் பிரிக்கிறது. அநியாயம்தான். பணம் வாங்கிக்கொண்டு 'அம்மா வழியில் சான்று எடுத்துத் தருகிறேன்' என்பவரிடம் ஏமாறாதீர்கள். குடும்பப் பெயரும் சான்றாகாது. போர்த்துகீசியப் பெயர் வைத்த தமிழர்கள் இங்கே ஏராளம்.

இனி உங்களுக்காகப் பேச வேண்டியவர்கள், எல்லோரையும் போல, உங்கள் தொகுதி உறுப்பினரும் வார்டு கவுன்சிலரும்தான். அவர்கள் காது கொடுக்க வேண்டுமானால் வாக்காளர் பட்டியலில் உங்கள் வீடு முழுவதும் இருக்க வேண்டும். உங்கள் பெயர்களைத் தமிழில் அச்சிடுவதற்குள் உருக்குலைத்துவிடுகிறார்கள். என்னிடம் வந்த ரோட்ரிக்ஸ் ஒருவர் பட்டியலில் 'ரோட்டிக்ஸ்' ஆகியிருந்தார். திருத்தத்துக்கும் முகவரி மாற்றத்துக்கும் படிவம் 8, புதிதாகச் சேர்க்கப் படிவம் 6. இரண்டுக்கும் கட்டணம் கிடையாது. வார்டு மக்கள் குறைகளைச் சொல்லும் கூட்டமான பகுதி சபை கூடும் நாளைக் கவுன்சிலர் அலுவலகத்தில் கேளுங்கள்; தானாக வந்து சொல்லுவார்கள் என்று காத்திருக்க வேண்டாம். கோரிக்கையை எழுதிக் கொண்டுபோய், நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொண்டு வாருங்கள்.